ரோமாபுரியிலிருந்து வந்த சீர்

குப்பி சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. அடியில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. அதைக் கரைக்க, கூடவே ஒரு சிறிய கண்ணாடிக் குழலில் தண்ணீர். லேபிளில் 75 அல்லது 150 என்று ஒரு எண். மருத்துவர்கள் இதை ஹெச்எம்ஜி என்பார்கள். மருந்துச் சீட்டில் மெனோட்ரோபின் என்று எழுதியிருக்கும். ராஜபாளையத்தை அடுத்த சோழபுரத்திலிருந்து விடிவதற்குள் புறப்பட்டு மதுரைக்குப் பேருந்து ஏறும் பெண்ணுக்கு இது 'முட்டை வளர்ற ஊசி', அவ்வளவுதான்.

அந்தப் பெண்ணுக்கு நான் பெயர் வைக்கப்போவதில்லை. இந்தப் பக்கத்தில் எந்தத் தெருவிலும் அவள் இருக்கிறாள். கல்யாணமாகி மூன்றாவது மாதத்திலேயே "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி தொடங்கிவிடும். முதலில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நாலைந்து வருடம் போனால் சிரிப்பு மறைந்து கேள்வி மட்டும் நிற்கும். பிறகு கேள்வியும் நின்றுவிடும், அதுதான் கொடுமை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் வளையல் போட வரிசையாகப் பெண்களை அழைக்கும்போது அவள் பெயர் மட்டும் விடுபடும். யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் எல்லாம் சொல்லப்பட்டுவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2023இல் தந்த கணக்குப்படி, உலகில் ஆறில் ஒருவர் வாழ்நாளில் எப்போதாவது இந்தக் குறையைச் சந்திக்கிறார். ஆறில் ஒருவர் என்றால் அது ஊர்ப் பொதுத் துயரம். ஆனாலும் ஒவ்வொரு பெண்ணும் அதைத் தனியாகவே சுமக்கிறாள்.

அவள் கையில் இருக்கும் குப்பி எங்கிருந்து கிளம்பியது, யார் யார் கைமாறி இங்கே வந்தது என்று தேடிப் பார்த்தபோது எனக்குச் சீர்வரிசையின் ஞாபகம்தான் வந்தது. தாய்வீட்டிலிருந்து மகளுக்கு வரும் சீரில் தாம்பாளம் தாம்பாளமாகப் பல பேருடைய கை இருக்கும். இந்தச் சீரிலும் அப்படித்தான். வித்தியாசம் ஒன்றுதான். இதைக் கொடுத்தவர்கள் யாரும் இந்தப் பெண்ணைப் பார்த்ததில்லை.

*

கதை வயதான பெண்களின் உடம்பிலிருந்து தொடங்குகிறது.

மூளையின் அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறது. பெண்ணின் சினைப்பையில் முட்டை வளர வேண்டும் என்று மாதந்தோறும் அதுதான் இரத்தத்தில் ஆள் அனுப்புகிறது. அந்தத் தூதுப் பொருள்கள் இரண்டு. ஒன்று முட்டையை வளர்க்கும், மற்றது முதிர்ந்த முட்டையை வெளியேற்றும். மாதவிடாய் நின்றபின் சினைப்பை பதில் தருவதில்லை. பதில் வராததால் சுரப்பி முன்னைவிடப் பல மடங்கு உரக்கக் கூப்பிடுகிறது. அறுபது, எழுபது வயதுப் பாட்டியின் உடம்பிலும் அந்தக் குரல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. கேட்க ஆளில்லாத அந்த அழைப்பு கடைசியில் சிறுநீரில் கலந்து வெளியேறிவிடுகிறது. வீணாகப் போகும் அந்த அழைப்பைப் பிடித்து, அது தேவைப்படும் இன்னொரு பெண்ணிடம் சேர்த்தால் என்ன? இந்த மருந்தின் மூலக்கரு அவ்வளவுதான்.

சிறுநீரில் இப்படி ஒரு சக்தி இருக்கிறது என்பதை 1927இல் பெர்லினில் செல்மர் ஆஷ்ஹைம், பெர்னார்ட் சோண்டெக் என்ற இரு யூத மருத்துவர்கள் கண்டார்கள். கர்ப்பிணியின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியாகப் போட்டபோது அதன் சினைப்பை விழித்துக்கொண்டது. உலகின் முதல் நம்பகமான கர்ப்பப் பரிசோதனை அதிலிருந்து பிறந்தது. ஆறே வருடத்தில் நாஜி ஆட்சி வந்தது. சோண்டெக் வேலையை இழந்து, நாட்டைவிட்டு வெளியேறி, 1934இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். உயிர் பிறக்கும் ரகசியத்தைத் தேடியவரை உயிர் பிழைக்க ஓடவைத்த காலம் அது.

மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து அந்தப் பொருளை முதலில் பிரித்துச் சுத்தம் செய்தவர் பியெரோ டோனினி. ரோம் நகரில் சேரோனோ என்ற மருந்து நிறுவனத்தின் வேதியியலாளர். 1949இல் அவர் அதற்குப் பெர்கொனால் என்று பெயர் வைத்தார். இன்ன நோயாளிக்கு, இன்ன அளவில் என்று கேட்டு வாங்க யாரும் வராததால், பெயர் வைத்த பிள்ளை பத்து வருடம் பள்ளிக்கூடம் போகாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்ததைப் போல அந்த மருந்தும் காத்துக் கிடந்தது.

கேட்டு வந்தவர் புரூனோ லூனென்ஃபெல்ட். 1927இல் வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளின் காலத்தில் சிறுவயதிலேயே பிறந்த ஊரை விட்டவர். ஜெனீவாவில் மருத்துவம் படிக்கும்போது, 1950களின் தொடக்கத்தில், சிறுநீரிலிருந்து எடுக்கும் சாற்றில் இரண்டு தூதுப் பொருள்களும் இருக்கின்றன என்பதைச் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து நிறுவினார். மருந்தாக்க வேண்டுமானால் ஆயிரக்கணக்கான லிட்டர் சிறுநீர் வேண்டும். கொடுப்பவர்கள் எல்லோரும் மாதவிடாய் நின்றவர்களாக இருக்க வேண்டும். ஒரே ஒரு கர்ப்பிணியின் சிறுநீர் கலந்தாலும் மொத்தக் கொள்முதலும் கெட்டுப்போகும். நம்பிக் கேட்கக்கூடிய நூற்றுக்கணக்கான மூத்த பெண்களை ஒரே இடத்தில் எங்கே தேடுவது?

சேரோனோ நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் லூனென்ஃபெல்ட் போய்ப் பேசினார். கேட்டுவிட்டு மறுத்துவிட்டார்கள். அந்தக் குழுவில் ஜூலியோ பச்செல்லி என்ற பிரபு இருந்தார். அன்றைய போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸின் அண்ணன் மகன். நிறுவனத்தில் வத்திக்கானுக்கும் பங்கு இருந்தது. சில நாள் கழித்து இருவரும் மறுபடி அந்த அறைக்குள் போனார்கள். இம்முறை பச்செல்லி பேசினார். சித்தப்பாவின் சம்மதம் கிடைத்துவிட்டது, முதியோர் இல்லங்களில் இருக்கும் கன்னியரிடம் கேட்கலாம் என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. வேலை தொடங்கியது.

ரோமாபுரியைச் சுற்றியிருந்த கன்னியர் மடங்களின் வாசலில் லாரிகள் வந்து நின்றன. ஒரு பெண்ணின் ஒரு சிகிச்சைக்குப் பத்துக் கன்னியரின் பத்து நாள் சிறுநீர் தேவைப்பட்டது என்று லூனென்ஃபெல்ட் பின்னாளில் கணக்குச் சொன்னார். குழந்தை வேண்டாம் என்று இளம்வயதிலேயே இறைவனுக்கு நேர்ந்துகொண்டு வந்தவர்கள் அவர்கள். தங்கள் மடியில் ஒருபோதும் கிடக்காத குழந்தைகளுக்காக, எந்த நாட்டில் எந்த மதத்தில் பிறக்கும் என்றுகூடத் தெரியாத குழந்தைகளுக்காக, தினமும் ஒரு கலனை நிரப்பி வாசலில் வைத்தார்கள். தானம் என்ற சொல்லுக்கு நம்மிடம் எத்தனையோ உதாரணம் உண்டு. உடம்பு கழித்துப் போட்டதையும் தானமாக்க முடியும் என்று காட்டியவர்கள் இந்த மூதாட்டிகள்.

*

பெர்கொனால் ஊசியின் உதவியால் பிறந்த முதல் குழந்தை ஒரு பெண் குழந்தை. 1962இல் இஸ்ரேலில் பிறந்தாள். கத்தோலிக்கக் கன்னியர் கொடுத்தது யூதத் தாயின் வயிற்றில் பலித்தது. அந்தத் தலைமுறை யூதர்கள் அறுபது லட்சம் உறவுகளை நாஜிகளின் கொலைக்களங்களில் பறிகொடுத்தவர்கள். அவர்கள் வீட்டில் ஒரு தொட்டில் ஆடுவதன் பொருளை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே சமய நெறி தவறாமல் வாழும் தம்பதிகளுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து ஏறத்தாழப் பன்னிரண்டு நாள் கணவனும் மனைவியும் விலகியிருப்பார்கள். பிறகு மனைவி சடங்கு நீராடி வருவாள். சில பெண்களுக்கு அந்த நீராட்டுக்கு முன்பே முட்டை வெளியேறிவிடும். உடம்பில் எந்தக் குறையும் இல்லை, ஆனாலும் கரு நிற்காது. "இந்த வழக்கத்தையெல்லாம் விட்டுவிடுங்கள்" என்று ஒரு மருத்துவர் எளிதாகச் சொல்லிவிடலாம். பல மருத்துவர்கள் அப்படிச் சொல்லவில்லை. முட்டை வெளியேறுவதை மருந்தால் சில நாள் தள்ளிவைத்தார்கள். வந்தவர்களின் நம்பிக்கையையும் அவர்கள் உடம்பைப் போலவே பத்திரமாகக் கையாண்டார்கள்.

எருசலேமில் 1990இல் மெனாகெம் பர்ஸ்டைன் என்ற ரபி தொடங்கிய அமைப்பு ஒன்று மருத்துவருக்கும் சமய அறிஞருக்கும் நடுவில் பாலமாக நிற்கிறது. ஆய்வகத்தில் ஒரு தம்பதியின் உயிரணு இன்னொருவருடையதோடு கலந்துவிடாதபடி, ஒவ்வொரு கட்டத்திலும் கூடவே நின்று கண்காணிக்கும் பெண்கள் அங்கே இருக்கிறார்கள். அமைப்பின் பெயர் பூவா. விவிலியத்தின் யாத்திராகமத்தில், பிறக்கும் ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் கட்டளையை மீறிய மருத்துவச்சி பூவாளை அந்தப் பெயர் நினைவூட்டுகிறது.

பிள்ளை பிறந்தபின் அந்தத் தாய்மார்கள் ஜெப ஆலயத்தில் நன்றி சொல்வதற்கென்றே ஒரு வாழ்த்து உண்டு. கடல் கடந்தவர், பாலைவனம் தாண்டியவர், சிறையிலிருந்து மீண்டவர், நோயிலிருந்து எழுந்தவர் சொல்லும் அதே வாழ்த்தைப் பிரசவம் கடந்தவளும் சொல்கிறாள். கூடியிருப்பவர்கள் மறுமொழி தருகிறார்கள். நன்றியுணர்வை எபிரேய மொழியில் ஹகாரத் ஹடோவ் என்பார்கள். நன்மையை அறிந்துகொள்வது என்று அதற்குப் பொருள். இதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. திருக்குறளின் பதினோராம் அதிகாரத்துக்குச் செய்ந்நன்றி அறிதல் என்றுதானே பெயர்? நன்றியைச் 'சொல்வது' இரண்டு மொழியிலும் பிற்பாடுதான். 'அறிவது' முதலில். யார் செய்தது, எவ்வளவு வலித்துச் செய்தது, எதையும் எதிர்பார்த்துச் செய்ததா என்று அறிய வேண்டும். அறிந்த பிறகு வாய் தானாகத் திறக்கும்.

நம் தென்மாவட்டக் கிறிஸ்தவ வீடுகளில் அன்னாள் என்றும் சாமுவேல் என்றும் பெயர் வைத்திருப்பார்கள். பிள்ளையில்லாத அன்னாள் சீலோவின் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய அழுது வேண்டியபோது, குரு ஏலி அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கடிந்துகொண்டார். அவள் தன் மனச்சுமையைச் சொன்னதும் மனம் மாறி வாழ்த்தி அனுப்பினார். பரிவு என்பது எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கதை காட்டுகிறது. எதிரில் நிற்பவள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்ட நொடியில்தான் அது தொடங்கியது.

*

ஊசி இந்தியாவில் வரலாறு படைத்த இடம் கொல்கத்தா. சுபாஷ் முகர்ஜி என்ற மருத்துவர் இந்த மருந்தைக் கொண்டுதான் ஒரு பெண்ணுக்குப் பல முட்டைகளை வளரவைத்தார். உருவான கருவை உறையவைத்து 53 நாள் காத்திருந்து, பிறகு கருப்பையில் சேர்த்தார். 1978 அக்டோபர் 3ஆம் தேதி, துர்கா பூஜைக் காலத்தில் குழந்தை பிறந்தாள். துர்கா என்று அழைத்தார்கள். இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து 70 நாள்தான் ஆகியிருந்தது. அங்கே இயற்கையாக முதிர்ந்த ஒற்றை முட்டையை நம்பியிருந்தார்கள். ஊசியால் முட்டைகளை வளர்த்து, கருவை உறையவைத்துக் காப்பாற்றும் முகர்ஜியின் பாதையில்தான் பின்னாளில் உலகமே நடந்தது.

அவருக்கு யாரும் செவி கொடுக்கவில்லை. அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்ப மறுத்தது. வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக அனுமதி கிடைக்கவில்லை. கண் மருத்துவத் துறைக்கு மாற்றினார்கள். 1981 ஜூன் 19 அன்று அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986இல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இந்திரா ஹிந்துஜா குழுவினரின் முயற்சியில் பிறந்த குழந்தையை நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று அறிவித்தார்கள். அந்தக் குழுவின் ஆய்வுத் தலைவர் டி.சி. ஆனந்தகுமார். அவர் 1997இல் முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்தார். படித்து முடித்ததும், முதலாமவர் முகர்ஜிதான் என்று வெளிப்படையாக எழுதினார். தன் தலையில் இருந்த கிரீடத்தைத் தானே கழற்றி, இறந்துபோன ஒருவரின் தலையில் வைத்தார். நன்மையை அறிவது என்றால் இதுதான்.

தென்னாட்டில் 1990இல் சென்னையில் மருத்துவர் கமலா செல்வராஜின் முயற்சியில் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதன்பின் மதுரை, திருநெல்வேலி என்று மையங்கள் பெருகின. காசுள்ளவர்களுக்குத்தான் என்றிருந்த நிலை மாற, 1844இல் தொடங்கிய பாரம்பரியம் கொண்ட எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் 2024இல் அரசின் கருத்தரிப்பு மையம் திறந்தார்கள். 2021இல் வந்த சட்டம் மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும் என்றும், முட்டை தருபவரைச் சுரண்டக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. இருந்தும் நகையை அடகு வைத்துச் சிகிச்சைக்குப் போகும் குடும்பங்கள் இன்றும் நிறைய.

மருந்தும் மாறியது. தேவை கூடக்கூட, 1980களில் உலகுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30,000 லிட்டர் சிறுநீர் தேவைப்பட்டது. கன்னியர் மடங்களால் மட்டும் கொடுக்க முடியாமல் பல நாட்டு மூத்த பெண்கள் பங்குக்கு வந்தார்கள். 1995 முதல் ஆய்வகத்தில் வளரும் செல்களிலிருந்தும் இதே வகை மருந்து தயாராகிறது. ஆக, இன்றைக்கு ஒருத்தி கையில் இருக்கும் குப்பியில் ரோமாபுரிக் கன்னியரின் துளி இருக்காது. ஆனால் அவர்கள் அன்று கலனை நிரப்பி வைக்காமலிருந்தால் குப்பியே இருந்திருக்காது.

*

இப்போது அந்த மதுரைப் பேருந்துக்கு வருவோம்.

வண்டி ராஜபாளையம் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்கும்போது பதினொரு நிலைக் கோபுரம் தெரியும். சன்னலோரம் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். தமிழ்நாட்டின் அரசு முத்திரையிலேயே இருக்கும் கோபுரம். அதன் கீழே கிடப்பவர் வடபத்ரசாயி. ஆலிலையில் குழந்தையாகப் படுத்திருந்தவரின் பெயர் அது. பக்கத்திலேயே நந்தவனம். துளசிச் செடியடியில் கிடந்த ஒரு பெண் குழந்தையைப் பெரியாழ்வார் கண்டெடுத்து வளர்த்த இடம். தமிழில் கண்ணனைத் தொட்டிலிலிட்டுத் தாலாட்டிய அந்த ஆழ்வார், பெறாத பிள்ளையைப் பெற்ற பிள்ளையாக வளர்த்தவர். ஆடிப்பூரத்துக்கு ஊரே கூடித் தேரிழுப்பது அந்தக் கண்டெடுத்த குழந்தைக்காகத்தான். பிள்ளை வரம் கேட்டுப் போகும் பெண்ணுக்கு இந்த ஊர் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருக்கிறது. பிள்ளை எந்த வழியாகவும் வரலாம், வந்த பிள்ளை நம் பிள்ளை.

கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் கடந்து வண்டி மதுரை சேரும். மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி ஏறத்தாழப் பத்து நாள் ஊசி. நடுநடுவே ஸ்கேனில் சினைப்பையின் முட்டைப் பைகளை அளப்பார்கள். 18 மில்லிமீட்டர் அளவுக்கு வந்தபின் கடைசி ஊசி. அதிலிருந்து ஏறத்தாழ 36 மணி நேரத்தில் முட்டை எடுப்பு. அளவு மீறினால் வயிறு உப்பி, உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் நல்ல மருத்துவர் அவசரப்படுவதில்லை.

நல்ல மருத்துவர் இன்னொன்றும் செய்வார். முதல் நாளே கணவனையும் உட்காரவைத்து, "உங்களுக்கும் டெஸ்ட் எடுக்கணும் தம்பி" என்பார். ஏறத்தாழப் பாதித் தம்பதிகளில் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. அந்த ஒரு வாக்கியம் அந்தப் பெண்ணின் தோளிலிருந்து எத்தனை வருடப் பாரத்தை இறக்கிவைக்கும் என்பது அவளுக்குத்தான் தெரியும். மாமியார் முன்னால் சொன்னால் இன்னும் புண்ணியம்.

"சிஸ்டர், வலிக்குமா?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான்க்கா. மூச்சை இழுத்து விடுங்க. அவ்ளோதான், முடிஞ்சிருச்சு."

நர்ஸையும் சிஸ்டர் என்கிறோம், கன்னியாஸ்திரியையும் சிஸ்டர் என்கிறோம். மொழி தன்னையறியாமல் இந்தக் கதையின் இரண்டு முனையையும் ஒரே சொல்லில் முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறது. ஒரு சிஸ்டர் கொடுத்தாள், இன்னொரு சிஸ்டர் ஊசியேற்றுகிறாள். நடுவில் நிற்பவள் மூன்றாவது சகோதரி.

பலிக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒருமுறை தவறும், இன்னொரு முறையும் தவறலாம். எத்தனை முறை போட்டாலும் சிலருக்குக் கூடாமலே போகும். ரிப்போர்ட்டை நீட்டிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடும் இடத்துக்கும், கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "அழுதுருங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்று சொல்லும் இடத்துக்கும் வித்தியாசம் அன்றுதான் தெரியும். மடி நிறையாமல் திரும்பியவர்களும் வருடங்கள் கழித்து "அந்த டாக்டரம்மா நல்லா இருக்கணும்" என்று வாழ்த்துவதைக் கேட்டிருக்கிறேன். மருந்து கொடுப்பது பிள்ளையை என்றால், பரிவு கொடுப்பது மானத்தை. தெருவில் பறிபோன மானம் ஒரு மருத்துவமனை அறையில் திரும்பக் கிடைத்ததற்கான நன்றி அது.

பலித்தவர்கள் நேர்த்திக்கடன் தீர்ப்பார்கள். கரும்பில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, பிள்ளையை அதில் போட்டு, ஆளுக்கொரு முனை தோளில் ஏற்றிக் கோயிலைச் சுற்றி வருவார்கள். அந்தத் தொட்டிலின் பின்னால் யார் யாரெல்லாம் நடக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. பெர்லினை விட்டு ஓடிய சோண்டெக், பத்து வருடம் காத்திருந்த டோனினி, மறுக்கப்பட்டும் மறுபடி கதவைத் தட்டிய லூனென்ஃபெல்ட், யாரும் நம்பாத சுபாஷ் முகர்ஜி, பெயர் தெரியாத அந்த நூற்றுக்கணக்கான மூதாட்டிகள்.

அவர்களுக்கு இந்த மண் என்ன கைம்மாறு செய்வது என்று யோசித்தேன். செய்துகொண்டுதான் இருக்கிறது.

ஊசியை உருவியதும் அந்த இடத்தில் ஒரு துண்டுப் பஞ்சோ துணியோ வைத்து அழுத்துவார்கள். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி வட்டாரத்தின் விசைத்தறிகளில் இரவும் பகலும் நெய்வது அந்தத் துணியைத்தான். காயத்துக்குக் கட்டும் மெல்லிய வெள்ளைத் துணி. அறுவைக் கூடங்களுக்கும் பிரசவ அறைகளுக்கும் இங்கிருந்து லாரி லாரியாகப் போகிறது, கடல் தாண்டியும் போகிறது. தறியடியில் நின்று அறுந்த நூலை முடியும் பெண்ணுக்கு, அந்தத் துணி எந்த ஊரில் யார் இரத்தத்தைத் துடைக்கும், எந்தக் குழந்தையின் தொப்புளைச் சுற்றும் என்று தெரியாது. ரோமாபுரி மடத்தின் வாசலில் கலனை வைத்த பாட்டிக்கும் தெரியாது. இவள் நூலை முடிகிறாள். தறி மறுபடி ஓடுகிறது.